நாலாவது வரி லத்தீன்

அத்தியாயம் 6

"இன்னும் தள்ளி நில்லு" என்றார் ஞானதாஸ்.

ஜெயமேரி கையில் கரண்டியோடு அடுப்படி வாசல்வரை போய் நின்றாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. போடக் கூடாது என்பது அவர் உத்தரவு. கம்ப்யூட்டர் திரையில் ஐந்து கோடுகள், கோடுகளில் சுரங்கள், அவற்றுக்குக் கீழே அசை அசையாகப் பிரித்த பாட்டு. எழுத்தைப் பதினாலாம் அளவில் வைத்தால் 'ணை'யும் 'கை'யும் தோளிடித்துக்கொண்டு மேலே இருந்த சுரங்களை விலக்கித் தள்ளின. பன்னிரண்டில் வைத்தால் புள்ளிகள் மாயமாயின. பாடகர் குழுவின் கைக்குப் போவது எப்போதும் ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ்; அதில் முதலில் சாவது புள்ளிதான். அதற்காகவே மனுஷன் ஒரு மாதம் உட்கார்ந்து, தமிழ் ஃபான்ட்டையே பிரித்துப் போட்டு, ஒவ்வொரு புள்ளியையும் கடுகு பருமனுக்கு ஊதி வைத்திருந்தார்.

"புள்ளி தெரியுதா?"

"தெரியல."

பன்னிரண்டு பதிமூன்றாயிற்று. "இப்ப?"

"தெரியுது. இட்லி ஆறுது, எந்திரிங்க."

எழுந்திருப்பதற்கு முன் ஒரு தடவை பாடிக் காட்டச் சொன்னார். அவள் பாடினாள். மூன்றாவது அடியில் வழக்கம்போல் இழுத்தாள். அவர் வழக்கம்போல் நெற்றியில் தட்டிக்கொண்டு ஏதோ வேகமாக அடித்தார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு மாத்தணும். வந்து மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நாலு இட்லியில் ரெண்டை மிச்சம் வைத்து, வடமதுரையில் ஒரு கல்யாணப் பூசைக்கு கீபோர்டு வாசிக்கக் கிளம்பினார். என்ன ஒன்று என்று அவள் கேட்கவில்லை. சாயந்தரம் வந்ததும் தெரியப் போகிறது.

பதினோரு மணிக்கு, திருச்சி ரோட்டில் அவருடைய மொபெட் ஒரு லாரிக்கு அடியில் கிடப்பதாகச் செய்தி வந்தது.

இது நடந்தது 2001 ஜூலையில். ஏழு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜெயமேரி ஒரு அச்சகத்தின் மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் அறிவுச்செல்வி, அந்தப் பக்கம் மூக்கையா.

அறிவுச்செல்வி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருந்தாள். அதற்கு முன் பதினொரு வருஷம் அதே மாடியில் தட்டச்சு சொல்லிக்கொடுத்தாள். கம்ப்யூட்டர் வந்து டைப்ரைட்டிங் படுத்துக்கொண்டதும், அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்த பழக்கத்தை அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்குத் திருப்பிக்கொண்டாள். மூக்கையா அவளுக்கு உதவியாள், வயது ஐம்பது. தனியார் பஸ்ஸில் இருபது வருஷம் கண்டக்டர். டிக்கெட் எடுக்காதவன் முகம் எப்படி இருக்கும் என்பதைத் தவிர தனக்கு வேறெதுவும் தெரியாது என்று அவனே சொல்லிக்கொள்வான்.

இந்த வழக்கில் டிக்கெட் எடுக்காதவர் ஆனந்த்ராஜ். முப்பது வருஷம் ஞானதாசுக்குப் பக்கத்தில் நின்று பாடியும் சுருதியோடு அறிமுகம் ஆகாமலே இருந்தவர். ஞானதாஸ் போனதும் பங்குக் கோவில் பாடகர் குழுவுக்கு அவரே மாஸ்டர் ஆனார். வேறு யாரும் கை தூக்கவில்லை என்பது காரணம். அதை அவர் தேவ அழைப்பு என்று சொன்னார்.

அடக்கத்தன்று காலையில் அவர் ஒரு ஃப்ளாப்பியோடும் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு வெளியூர்ப் பையனோடும் வீட்டுக்கு வந்தார். கல்லறைப் பாட்டுக்குத் தாள் எடுக்க வேண்டும் என்றார். கம்ப்யூட்டர் ஞானதாஸ் விட்டுப்போனபடியே ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்லறைப் பாட்டு ஒரே ஒரு பக்கம். ஆனால் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயமேரி, உள்ளறையில் பிரிண்டர் ஏழு தரம் காகிதம் இழுத்ததைக் கேட்டாள். எழவு வீட்டில் உட்கார்ந்து அதை எண்ணியதற்காகப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியிருக்க வேண்டியதில்லை. மாதம் முடிந்து ஆள் வைத்துத் தேடிப் பார்த்தபோது ஞானதாசின் கடைசிப் பாட்டு கம்ப்யூட்டரில் இல்லை. அடுத்த ஞாயிறு கோவிலில் அறிவிப்பு வாசித்தார்கள்: பங்கின் நூற்றாண்டு விழாவுக்குப் புதிய பாட்டு, ஆறு பக்கம், இசை ஆனந்த்ராஜ்.

அவள் பங்குச்சாமியாரிடம் போய்ச் சொன்னாள். அவர் கனிவாகக் கேட்டுக்கொண்டார். கனிவு அவருக்குச் செலவில்லாமல் வரும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்தப் பாட்டைக் கேட்டாலும் போனவருடைய பாட்டாகத்தான் கேட்கும் என்று விளக்கினார். ஜெயமேரி சித்தையன்கோட்டையில் நூலகராக இருந்தவள். யார் எழுதியது என்று முகப்பில் போட்டிருக்கிற பேரைப் பார்த்துத்தான் இருபத்தாறு வருஷம் புத்தகத்தை அடுக்கினாள். நாளைக் காலையில் அச்சு ஓடும். இரண்டாயிரம் பிரதி. வலது மூலையில் எந்தப் பேர் விழுகிறதோ, இனி உலகம் உள்ளவரை அந்தப் பாட்டு அவருடையது.

அச்சக உரிமையாளர் கருப்புசாமி ஆறு பக்கங்களையும் மேசையில் பரப்பினார். ஆனந்த்ராஜ் கொடுத்த பக்கங்களில் பேரே இல்லையாம். பாட்டு முழுசாக முடியாமல் ஞானதாஸ் பேர் போட மாட்டார் என்பது ஜெயமேரிக்குத் தெரியும். 'இசை: ஆனந்த்ராஜ்' என்று தனியாக அடித்த ஒரு துண்டைக் கருப்புசாமிதான் வெட்டி மூலையில் ஒட்டியிருந்தார். இருபதாம் அளவு, தடித்த எழுத்து. ஆனந்த்ராஜ் பக்கத்தில் நின்று இன்னும் பெரிசு, இன்னும் பெரிசு என்று சொல்லிச் சொல்லி வைத்த அளவு அது.

ஜெயமேரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். கடுகு கடுகாகப் புள்ளிகள் தெரிந்தன.

"இது அவர் புள்ளி" என்றாள். "பதிமூணாம் அளவு. எனக்காகப் பெரிசு பண்ணினது."

மூக்கையா எழுந்தே விட்டான், வழக்கு முடிந்தது என்று. கருப்புசாமிதான் அவனை உட்கார வைத்தார். அந்த ஃபான்ட்டை ஞானதாஸ் ஊரெல்லாம் கொடுத்திருந்தார். கருப்புசாமியிடம் இருந்தது, அதில் கல்யாணப் பத்திரிகை அடித்தார். பங்கு ஆபீசில் இருந்தது. அதில் ஞானஸ்நானச் சான்றிதழ் அடித்தார்கள். போன மாதம் சிறுமலை வாழைத் தோட்டக்காரர் ஒருவர் கொண்டுபோன நோட்டீசில்கூட அதே புள்ளிதான். கேட்டவனுக்கெல்லாம் கொடுத்த மனுஷன், தன் அடையாளத்தையே ஊருக்குப் பங்கு வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜெயமேரிக்கு அந்த நிமிஷம் அவர்மேல்தான் ஆத்திரம் வந்தது.

மூக்கையா பக்கத்தைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தான். சுரங்களுக்குக் கீழே மூன்று சரணம், மூன்று தமிழ் வரி. மூன்றுக்கும் கீழே நாலாவதாக ஒரு வரி அங்கங்கே விட்டு விட்டு ஓடியது. அது தமிழ் இல்லை. ஆங்கில எழுத்து, நடுநடுவே அரைப்புள்ளி, அடைப்புக்குறி. ஒரு சுரத்துக்கு நேர் கீழே இப்படி இருந்தது: %r;R.

"இது என்ன பாஷைண்ணே?"

"லத்தீன்" என்றார் கருப்புசாமி பயபக்தியோடு. "மாஸ்டர் சொன்னாரு."

"லத்தீன்ல சதவீதம் எல்லாம் உண்டா? நூத்துக்கு எத்தனை பேரு மோட்சம் போவாங்கன்னு கணக்குப் போட்டிருக்கோ?"

கருப்புசாமிக்கும் அந்தச் சந்தேகம் வந்து கேட்டிருந்தார். பழைய காலத்து மடங்களில் எழுதிய லத்தீன் அப்படித்தான் இருக்கும், அச்சுக்காரனுக்கு அதெல்லாம் புரியாது என்று பதில் வந்ததாம். ஞானதாஸ் போனதிலிருந்து ஜெயமேரி பாடகர் குழுவுக்குப் போகவில்லை; மற்றவர்கள் ரெண்டு வாரமாக இந்தப் பாட்டைப் பயிற்சி எடுக்கிறார்கள். அந்த வரியை எப்படிப் பாடுவது என்று யாரோ கேட்க, அது பாடுவதற்கல்ல, மௌனமாகத் தியானிப்பதற்கு என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்த இடம் வந்தால் முப்பத்திரண்டு பேரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பங்குப் பேரவைத் தலைவர் அந்தோணிமுத்து ஒரு நாள் கண் கலங்கினாராம்.

அறிவுச்செல்வி பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நாலாவது வரியைப் பார்த்தபடியே அவள் விரல்கள் வெறும் மேசைமேல் தட்டிக்கொண்டிருந்தன. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. வலது சுண்டுவிரல் மட்டும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்தது. ஆறாம் பக்கத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்ததை ஜெயமேரி பார்த்தாள். சிரிக்கிற சமயமா இது என்று தோன்றியது.

"கருப்புசாமிண்ணே, பக்கத்தை எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. பிளேடும் கோந்தும் மறக்காம எடுத்துக்கங்க."

"எங்கம்மா?"

"கோவிலுக்கு. லத்தீன் படிக்கணும்."

என்ன கண்டுபிடித்தாய் என்று ஜெயமேரி வழியில் கேட்டாள். அறிவுச்செல்வி சொல்லவில்லை. "அவர் வாயால முதல்ல எல்லாத்தையும் சொல்லி முடிக்கட்டும்க்கா. அதுக்குள்ள நாம சொல்லிட்டா, வேற கதை கட்டிருவாரு."

கோவில் மண்டபத்தில் கடைசிப் பயிற்சி முடிந்து காபி ஓடிக்கொண்டிருந்தது. சாமியார், அந்தோணிமுத்து, பாடகர்கள், நடுவில் ஆனந்த்ராஜ். நூற்றாண்டுக்கென்று தைத்த புதுச் சட்டையை அன்றைக்கே போட்டிருந்தார். ஜெயமேரியைப் பார்த்ததும் முகத்தில் அனுதாபத்தை வரவழைத்துக்கொண்டார். அது சரியாக உட்காரவில்லை.

அறிவுச்செல்வி தன்னை ஜெயமேரிக்குத் தெரிந்தவள் என்று மட்டும் சொன்னாள். பாட்டு பிரமாதம் என்றாள். அந்த லத்தீன் வரிக்கு மட்டும் அர்த்தம் தெரிந்துகொள்ளலாம் என்று வந்ததாகச் சொன்னாள். ஆனந்த்ராஜ் மலர்ந்தார். 'ஆண்டவரே, எம் நெஞ்சத்தை உம் பக்கம் உயர்த்தும்' என்று தொடங்கி ஐந்து நிமிஷம் பொழிப்புரை சொன்னார். எந்த எழுத்துக்கு எந்த அர்த்தம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சாமியார் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு லத்தீன் அரைகுறை. அந்த அரைகுறையைப் பங்கு மக்கள் முன்னால் ஒத்துக்கொள்ள முழு மனசு வரவில்லை.

"இந்த வரியையும் நீங்களேதான் கம்ப்யூட்டர்ல அடிச்சீங்களா மாஸ்டர்?"

"ஒவ்வொரு எழுத்தும். என் கையால."

"வேற யாரும் இதுல கை வைக்கல?"

"பக்கத்துல ஒரு ஈ எறும்பு கிடையாது. ராத்திரி பகலா ஒத்தை ஆளா இழைச்சேன்" என்று சொல்லிவிட்டு, ஜெயமேரி பக்கம் திரும்பி, "ஞானதாஸ் அண்ணன் ஆசீர்வாதம் உண்டு" என்று சேர்த்துக்கொண்டார்.

எல்லோரும் கேட்டார்கள் அல்லவா என்று அறிவுச்செல்வி சுற்றிலும் பார்த்தாள். பிறகு பங்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷம் உட்கார அனுமதி கேட்டாள். லத்தீனை இன்னும் அழகான எழுத்தில் போட்டுப் பார்க்கலாம் என்றாள். அழகு என்றதும் ஆனந்த்ராஜே முதலில் எழுந்து நடந்தார். கூட்டம் பின்னால் போய் ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டது.

அவள் பக்கத்தைப் பார்த்து நாலாவது வரியை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்தாள். சதவீதக் குறி, அரைப்புள்ளி எதுவும் விடவில்லை. ஆனந்த்ராஜை எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கச் சொன்னாள். அவர் விரல் வைத்துப் பார்த்து, சரியென்றார்.

"நல்லது. இனி ஃபான்ட்டை மாத்தணும். ஆறு பக்கம் அடிச்சவரு, நீங்களே மாத்துங்க மாஸ்டர்." மவுசை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஆனந்த்ராஜ் மவுசைப் பிடித்தார். முதலில் தூக்கிப் பார்த்தார். பிறகு திரையின் ஓரங்களில் எதையோ தொலைத்தவர்போல அம்புக்குறியை அலையவிட்டார். இது வேற மாடல் என்றார்.

"பாட்டுக்கு எழுத்துப் போடுற சாஃப்ட்வேர்ல ஒரு தொந்தரவு உண்டு" என்று அறிவுச்செல்வி கூட்டத்துக்குச் சொன்னாள். "ஒவ்வொரு வரிக்கும் ஃபான்ட்டைத் தனித்தனியா மாத்தணும். மூணு வரிக்கு மாத்திட்டு நாலாவதை விட்டுட்டா, அடிச்சது தமிழா இருந்தாலும் இங்கிலீஷ் எழுத்தாத்தான் நிக்கும். அரைப்புள்ளி இருக்கிற சாவிதான் தமிழ்ல நம்ம புள்ளி. நான் பதினொரு வருஷம் அந்தச் சாவியைத் தட்டினவ."

அவள் வரியைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் ஞானதாசின் ஃபான்ட்டைத் தொட்டாள்.

எழுத்துகள் ஒரே கணத்தில் புரண்டன. சதவீதக் குறி நின்ற இடத்தில் 'மூச்சு' என்று இருந்தது. கடுகுப் புள்ளியோடு.

அவள் அடுத்த பக்கத்து வரியை அடித்து மாற்றினாள். 'ஜெயமேரி, இழுக்காதே.'

ஜெயமேரி கண்ணாடியைத் தேடினாள். அது அவள் மூக்கில்தான் இருந்தது.

ஆனந்த்ராஜ் ஏதோ சொல்லத் தொடங்கினார். பாடுகிறவர்களுக்குக் குறிப்பு எழுதுவது மாஸ்டரின் வழக்கம்தான், தியானம் என்று சொன்னது ஒரு அடக்கத்தினால், என்று வார்த்தை வந்துகொண்டிருந்தது. சாமியார்கூட அதைப் பிடித்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிற முகத்தோடு நின்றார். அறிவுச்செல்வி அவரை முழுதாகச் சொல்லி முடிக்கவிட்டாள். பிறகு ஆறாம் பக்கத்தின் வரியை அடித்து, ஃபான்ட்டை மாற்றினாள்.

'ஆனந்த்ராஜ் இந்த அடியில் பாட வேண்டாம். உதடு அசைத்தால் போதும்.'

அந்தோணிமுத்துதான் மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு வாரமா இதையாய்யா கண்ணை மூடித் தியானிச்சோம்?"

"தன்னைத் தானே விசிலடிச்சு இறக்கி விட்டுக்கிட்ட ஆளை இருபது வருஷ சர்வீஸ்ல நான் பாத்ததில்ல" என்றான் மூக்கையா. "அதுவும் இருபதாம் அளவுல, தடிச்ச எழுத்துல."

பின்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். பிறகு முப்பத்திரண்டு பேரும் சிரித்தார்கள், ஆனந்த்ராஜைத் தவிர. ரெண்டு வாரம் அந்த வரிக்குத் தலை குனிந்தவர்கள் அவர்கள்தான். அந்தச் சிரிப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான் என்பது எத்தனை பேருக்கு உறைத்தது என்று ஜெயமேரிக்குத் தெரியவில்லை. ஆனந்த்ராஜின் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த ஃப்ளாப்பியை மூக்கையா கேட்டு வாங்கினான். டிக்கெட் கேட்கிற அதே கை நீட்டல்.

சாமியார் தொண்டையைச் செருமினார். விழா நெருங்குகிறது, பங்கில் மனக்கசப்பு வேண்டாம், இரண்டு பேர் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டால் எல்லோருக்கும் சமாதானம் என்றார். அன்றைக்குத் துக்கத்தைப் பற்றி ஜெயமேரிக்கு விளக்கிய அதே குரல்.

"இடம் இல்ல சாமி" என்றாள் ஜெயமேரி. "எழுத்து முட்டும்."

கருப்புசாமி மேசை ஓரத்தில் உட்கார்ந்து பிளேடு முனையால் அந்தத் துண்டைப் பெயர்த்தார். கோந்து நன்றாகப் பிடித்திருந்தது. வருவதற்குச் செத்த நேரம் ஆயிற்று. அந்த இடத்தில் 'இசை: ஞானதாஸ்' என்று ஒட்டினார். என்ன அளவு என்று கேட்டார். பதிமூன்று போதும் என்று அறிவுச்செல்வியே சொல்லிவிட்டாள். நாலாவது வரியின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்தார்கள். சனிக்கிழமை காலையில் அச்சு ஓடியது.

விழாப் பூசையில் பாடகர் குழு பாடியது. ஆறாம் பக்கத்து அடி வந்தபோது எல்லா வாயும் திறந்தன. ஒரு வாயிலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை. மூன்றாவது அடியில் ஜெயமேரி இழுத்தாள். யாரும் நெற்றியில் தட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் அறிவுச்செல்வி வீட்டுக்கு வந்து, ஃப்ளாப்பியில் இருந்த பாட்டை ஞானதாசின் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தாள். கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்றும் சொல்லிக் கொடுத்தாள். அப்படியே நாலாவது வரிக்கும் ஃபான்ட்டை மாற்றிவிடவா, ரெண்டு நிமிஷ வேலைதான் என்றாள்.

"வேண்டாம் செல்வி. வந்து மாத்திக்கிறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

அந்தப் பாட்டு இன்னும் அதே கம்ப்யூட்டரில் இருக்கிறது. மூன்று வரி தமிழில், பதிமூன்றாம் அளவில், புள்ளி தெரிய இருக்கின்றன. நாலாவது வரியில், மூச்சு வாங்க வேண்டிய இடத்தில், சதவீதக் குறிதான் இருக்கிறது.